யார் அந்தத் துன்புறும் ஊழியர்? ஏசாயா 53ஆம் அதிகாரமும் இரு மதங்களின் வாசிப்பும்

ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் படிக்கப்படும் முதல் வாசகம், இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் எபிரேய மொழியில் எழுதப்பட்டது. ஏசாயா நூலின் 52ஆம் அதிகாரத்தின் இறுதியில் தொடங்கி 53ஆம் அதிகாரம் முழுவதும் நீளும் அப்பகுதி, பிறருடைய குற்றங்களுக்கான தண்டனையைத் தாம் சுமந்து, மௌனமாக மரணத்தை ஏற்கும் இறை ஊழியர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அவர் யார் என்பதை அது கூறவில்லை.

கிறிஸ்தவர்களின் விடை

'மெசியா' என்ற எபிரேயச் சொல்லுக்கு எண்ணெயால் திருநிலைப்படுத்தப்பட்டவர் என்பது பொருள். 'கிறிஸ்து' என்பது அதன் கிரேக்க வடிவம். யூதர்களில் பலர் எதிர்பார்த்தது, தாவீதின் வழியில் தோன்றி நாட்டை மீட்கும் ஓர் அரசரை. இயேசுவோ ரோமானிய ஆட்சியினரால் சிலுவையில் அறையப்பட்டார். தோல்வியாகத் தோன்றிய அந்த மரணத்துக்கு அவருடைய சீடர்கள் இந்த அதிகாரத்தில் விளக்கம் கண்டனர். எத்தியோப்பிய அரசவை அதிகாரி ஒருவர் இப்பகுதியைப் படித்துவிட்டு, இது யாரைக் குறிக்கிறது என்று பிலிப்புவிடம் கேட்பதாக அப்போஸ்தலர் நடபடிகள் நூல் கூறுகிறது. பிலிப்பு அளித்த விடை: இயேசு.

யூதர்களின் விடை

இந்த அதிகாரத்தில் 'மெசியா' என்ற சொல்லே இல்லை. இதற்கு முந்தைய அதிகாரங்களில் இஸ்ரவேல் மக்களே ஊழியர் என்று அழைக்கப்படுகின்றனர். எனவே, சிதறடிக்கப்பட்டுத் துன்புறும் யூத இனமே இந்த ஊழியர் என்பது யூதர்களிடையே பரவலான விளக்கம். 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான ராஷி இதனை வலியுறுத்தினார். எனினும், அவருக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்னரே யூதர்கள் இவ்வாறு பொருள் கொண்டதைக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் பதிவு செய்துள்ளார். மறுபுறம், பழைய அரமேய மொழிபெயர்ப்பு ஊழியரை மெசியா என்றே கூறுகிறது. ஆனால் துன்பங்களை அவர்மீது சுமத்தாமல் பிறர்மீது ஏற்றிவிடுகிறது.

கும்ரானில் 1947ஆம் ஆண்டளவில் கிடைத்த ஏசாயா சுருள், இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அதில் இந்த அதிகாரமும் உண்டு. ஆகவே இது பிற்காலத்து இடைச்செருகல் அல்ல என்பது உறுதி. ஆனால் ஊழியர் யார் என்ற வினாவுக்குச் சுருளும் விடை தரவில்லை. இப்பகுதி, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய நாடுகடத்தலைப் பின்னணியாகக் கொண்டது என்பதே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து.

விவாதத்தின் விலை

இந்தக் கருத்து வேறுபாடு ஏடுகளோடு நின்றுவிடவில்லை. தீர்க்கதரிசனம் கண்கூடானது என்றால், அதனை ஏற்காதோர் குருடர் என்ற வாதம் எழுந்தது. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், யூத மதம் கண்கள் கட்டப்பட்ட பெண்ணாகக் காட்டப்பட்டுள்ளது. 1263இல் பார்சலோனாவில், யூத மதத்திலிருந்து மாறிய துறவி பாப்லோ கிறிஸ்தியானியுடன் பொது விவாதத்தில் ஈடுபடுமாறு அறிஞர் நக்மானிடெஸ் மன்னரின் ஆணையால் பணிக்கப்பட்டார். ஏசாயா 53ஆம் அதிகாரமும் அங்கு விவாதத்துக்கு வந்தது. தமது வாதங்களை அவர் எழுதி வெளியிட்டது குற்றமாகக் கருதப்பட்டது. இறுதியில் அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

மாறிய பார்வை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் மரணத்துக்கான பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. வத்திக்கானின் விவிலிய ஆணைக்குழு 2001இல் மேலும் ஒரு படி சென்று, எபிரேய மறைநூலை யூதர்கள் வாசிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒன்றே என்று ஒப்புக்கொண்டது. இயேசுவை ஏற்றபின் திரும்பிப் பார்க்கும்போதே பழைய வசனங்களில் கிறிஸ்தவர்கள் அவரைக் காண்கின்றனர் என்பது அதன் விளக்கம்.

தீர்க்கதரிசனத்தைப் பிறரை மடக்கும் சான்றாகக் கருதும் கிறிஸ்தவர்கள் இன்றும் உள்ளனர். ஆனால் இந்த விளக்கத்தின்படி, ஏசாயா 53ஆம் அதிகாரம் நம்பிக்கையைப் பிறப்பிக்கும் நிரூபணம் அல்ல. நம்பிக்கை கொண்டவருக்குப் பொருள் தரும் ஒளி. அதனால் கிறிஸ்தவருக்கு அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதே பக்கத்தில் தம் இனத்தின் துயரைக் காணும் யூதரைக் குருடர் என்று பழிப்பதற்கான நியாயமே இல்லாமற் போகிறது.