தவழப் பழகிய பேராசிரியர்

கத்தலான் கவிஞரும் நியூயோர்க் நகரக் கல்லூரிப் பேராசிரியருமான பெட்ரோ பாக்-இ-ரீட்டாவை 1959இல் பாரிசவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 65. முகமும் உடம்பின் ஒரு பாதியும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நான்கு வாரப் பயிற்சியில் பலன் காணாத வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். அன்றைய வைத்திய உலகின் பொதுநிலையே அதுதான். வளர்ந்தவரின் மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்துப்போனவை என்று, 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால் எழுதியிருந்தார். (இந்தத் தீர்ப்பை எதிர்கால விஞ்ஞானம் மாற்றக்கூடும் என்று அதே இடத்தில் அவர் சேர்த்திருந்ததைப் பலர் மறந்துபோனார்கள்.)

மகன் ஜோர்ஜ் மெக்சிக்கோவில் மருத்துவ மாணவர். புனர்வாழ்வு வைத்தியம் அவர் கற்றதில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. குழந்தை தவழ்ந்த பிறகுதானே நடக்கிறது என்று எண்ணி, தந்தையையும் தவழவிட்டார். சுவரில் தோளைச் சாய்த்தபடி மாதக்கணக்கில் தவழ்ந்தார் பெட்ரோ. ஒரு பேராசிரியரை நாயைப்போல நடத்துவதா என அயலவர் முகம் சுளித்தனர். இருவரும் தரையில் போளை உருட்டினார்கள். சில்லறைக் காசுகளை எறிந்து, வழங்காத கையால் பொறுக்கச் செய்தார் மகன். சட்டி கழுவுவதும் பயிற்சியானது. நல்ல கை சட்டியைப் பிடித்திருக்க, மற்றக் கை 15 நிமிடம் ஒரு பக்கமாகவும் 15 நிமிடம் மறுபக்கமாகவும் சுற்றித் தேய்க்க வேண்டும்.

பெட்ரோ பேசவும் நடக்கவும் தட்டெழுதவும் மீண்டும் பழகினார். பழைய கல்லூரியிலேயே முழுநேரமாகக் கற்பித்தார். 1965இல் கொலம்பியாவில் மலையேறச் சென்றவிடத்து மாரடைப்பால் மரணமானார்.

பிரேத பரிசோதனையின் முடிவைப் பார்த்து, மூளை ஆய்வாளரான மற்றொரு மகன் போல் திகைத்துப்போனார். மூளையின் புறணியிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கும் நரம்பிழைகளில் 97 சதவீதம் அழிந்தே கிடந்தன. பழைய காயம் ஆறியிருக்கவில்லை. எஞ்சியிருந்த பகுதிகளே, ஓயாத பயிற்சியால், இழந்த வேலையைப் பொறுப்பேற்றிருந்தன. போல் புனர்வாழ்வு வைத்தியத்தின் பக்கம் திரும்பியது இதன் பின்னர்தான்.

ஒருவரின் கதை சான்றாகிவிடாது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, பாரிசவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேரை எடுத்துக்கொண்டது. 106 பேரின் நல்ல கையை உறைக்குள் இட்டு, பலவீனமான கைக்கு இரண்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். வழமையான பராமரிப்புப் பெற்றோரை விட அவர்கள் முன்னேறினர். ஓராண்டின் பின்னரும் அது நிலைத்தது. ஆயினும் மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதாவது அசைக்கக்கூடியவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். கை முற்றாக வழங்காதவருக்கு அதே பலனை உறுதிகூற அந்த ஆய்வு இடந்தராது. நோயாளியின் வீட்டாரிடம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.