தன்னைத் தானே விசாரித்த மன்றம்

சட்டம் இயற்றுவோரே தவறினால் அவர்களை விசாரிப்பவர் யார்? இக்கேள்விக்கு நம் தற்காலிக நாடாளுமன்றம் 1951-இல் விடை தந்ததை நாம் மறந்துவிட்டோம்.

பம்பாய்ப் பொன், வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று, அதன் நலனுக்காக அவையில் செயற்பட்டதாக எச். ஜி. முத்கல் என்னும் உறுப்பினர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் ஆளுங்கட்சியினர். ஆயினும் விசாரணைக் குழுவுக்கான தீர்மானத்தைப் பிரதமர் நேருவே கொண்டுவந்தார். டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான ஐவர் குழு முத்கலின் தரப்பையும் கேட்டறிந்து, குற்றம் மெய்யெனக் கண்டது. வெளியேற்றப்படுமுன் அவர் பதவி விலகினார். அதனால் அவை அமைதியடைந்துவிடவில்லை. அவர் வெளியேற்றத்திற்கு உரியவரே எனத் தீர்மானம் நிறைவேற்றியது.

நெறிமுறைக் குழுவோ மாநிலங்களவைக்கு 1997-இலும், மக்களவைக்கு 2000-இலுமே வாய்த்தது. ஆயினும் 2005-இல், கேள்வி கேட்கப் பணம் பெற்ற உறுப்பினர்களை வெளிப்படுத்தியவை செய்தியாளர்களின் மறைகாமிராக்களே. டிசம்பர் 23 அன்று பதினொருவர் நீக்கப்பட்டனர்.

குழு அமைவதால் மட்டும் மக்களின் நம்பிக்கை மீள்வதில்லை. தம்மவர், பிறர் என்று பாராது, அனைவரும் அறிய விசாரிக்கும் துணிவே அதனை மீட்கும். அத்துணிவை நம் பிரதிநிதிகளிடம் கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.