மட்டானோ ஏரி சொல்லும் பழங்கடல் கதை

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் மட்டானோ என்றோர் ஏரி இருக்கிறது. ஆழம் 590 மீட்டர். மலைநடுவே கிடந்தாலும் அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே. மேல்நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். ஆனால் சுமார் 100 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது.

காரணம் எளிது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், மேல்நீரைக் குளிர்வித்து அடிக்கு இறக்கும் குளிர்காலம் அங்கே இல்லை. அதனால் மேல்நீரும் அடிநீரும் கலப்பதே இல்லை. சுற்றிலும் இரும்பு நிறைந்த செம்மண். ஆகவே அடிநீரில் இரும்பு கரைந்து நிற்கிறது. சல்பேட் மிகக் குறைவு. 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கடலுக்கு இன்று நாம் போக முடியாது. மட்டானோவுக்குப் போகலாம். அதுதான் இந்த ஏரியின் பெருமை.

ஷான் க்ரோ என்ற ஆய்வாளரின் குழு 2008-ல் இதைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. வெளிச்சம் மங்கி மறையும் ஆழத்தில் ஒருவகைப் பச்சை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை தண்ணீருக்குப் பதில் இரும்பைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யக்கூடும் என்றார்கள். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் வெளிவராது, துருதான் மிஞ்சும்.

பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில் கார்பன் சுழற்சிப் படத்தைப் பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். மரம், மாடு, மக்கும் இலை, சுற்றிலும் அம்புக்குறிகள். அந்தப் படம் முழுக்க ஆக்சிஜனை நம்பி நிற்பது. அது இல்லாத இடத்தில் செத்தது எப்படி மக்கும்? நுண்ணுயிர்கள் நைட்ரேட், துரு, சல்பேட் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். இவை எதுவும் இல்லையென்றால்தான் மீத்தேன். நம் சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் அதுதான்.

மட்டானோவின் அடியில் துருவுக்குப் பஞ்சமில்லை. கணக்குப்படி மீத்தேன் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 2011-ல் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. அங்கே மக்கும் கரிமப் பொருளில் பாதிக்கு மேல் மீத்தேன் வழியாகவே சிதைகிறது. அடிநீரில் தேங்கியிருப்பது ஏழு லட்சம் டன்னுக்கும் மேல்!

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இளம் சூரியன் இன்றைவிட 25 முதல் 30 சதவீதம் மங்கலாக இருந்தது. அப்படியானால் பூமி உறைந்திருக்க வேண்டும். பாறைகளோ அப்போதும் நீர் ஓடியதற்குச் சாட்சி சொல்கின்றன. கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் 1972-ல் எழுப்பிய கேள்வி இது. அவர்கள் அம்மோனியாவைக் காரணம் காட்டினார்கள். அது வெயிலில் சிதைந்துவிடும் என்று தெரிந்ததும், கரியமில வாயுவோடு மீத்தேனும் போர்வையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. இரும்புக் கடலிலும் மீத்தேன் தாராளமாக உண்டாகலாம் என்று மட்டானோ காட்டுகிறது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஏரியில் அந்த மீத்தேனில் ஒரு பகுதியை, மேலே வருமுன்பே வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. பழங்கடலில் எவ்வளவு தப்பி வானுக்குப் போனது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு.

அந்தக் கடலின் மிச்சம் நம் ஊரிலும் உண்டு. சேலம் கஞ்சமலையில் காந்த இரும்பும் குவார்ட்சும் மாறி மாறி வரிவரியாகக் கிடக்கும் பாறைகள், பழங்கடலில் கரைந்திருந்த இரும்பு படிந்து உண்டானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.