மயலின் சிதைவு நோயும் மனநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயொன்றின் வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் அதனை ஆராய்ந்த மருத்துவரின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். நோயுற்றோர் தம் வாழ்வைப்பற்றி யாது கூறினர் என்பது அதில் இடம்பெறுதல் அரிது. இவ்விருவர் கூற்றுக்களும் எத்துணை முரண்படக்கூடும் என்பதற்கு மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் எனும் நரம்பு நோயின் வரலாறு தக்க சான்றாகும்.

மூளையிலும் முண்ணாணிலுமுள்ள நரம்பு நார்களை மயலின் எனும் கொழுப்புறை போர்த்தியிருக்கின்றது. நரம்புவழிச் செய்திகள் விரைந்து செல்லத் துணைபுரிவது இவ்வுறையே. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி இவ்வுறையையே தாக்குங்கால், அஃது ஆங்காங்கே சிதைந்து தழும்பேறுகின்றது. பார்வை மங்குதல், கால் தளர்தல், உணர்விழத்தல், பெருங்களைப்பு ஆகியன அதன் விளைவுகள். பலரிடத்து இவை தோன்றியும் நீங்கியும் நின்று, ஆண்டுகள் செல்லச்செல்ல நிலைபெறுகின்றன.

இந்நோய்க்குப் பெயரிடப்படுமுன்னரே அதனை எழுதிவைத்தவர் ஒருவர் உளர். அவர் இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பேரனாகிய ஓகஸ்ரஸ் டெஸ்ரே (1794–1848) ஆவர். 1822 டிசெம்பரில், தந்தையெனப் போற்றிய உறவினரைக் காண ஸ்கொத்லாந்து சென்ற அவர், அவ்வுறவினர் இறந்துகிடக்கக் கண்டார். பலர் கூடிய ஈமச்சடங்கில் அழுகையை அடக்க முயன்றும் இயலாது அழுதார். சின்னாளில் அவர் கண்கள் மங்கின. கடிதங்களைப் பிறரே படித்துக்காட்ட வேண்டியதாயிற்று. சிகிச்சை எதுவுமின்றிப் பார்வை மீண்டது. பின்னர் நோயும் மீண்டது. தம் நோயின் கதையைத் துயரின் கதையிலிருந்து தொடங்கிய அந்நாட்குறிப்பு, அவர் இறந்து நூறாண்டுகள் கழிந்தபின், 1948இல் நூலாக வெளிவந்தது.

1868இல் பாரிஸ் நகரின் சல்பெற்றியேர் மருத்துவமனையில் சார்க்கோ எனும் மருத்துவர், பிரேதப் பரிசோதனையிற் கண்ட தழும்புகளையும் உயிரோடிருந்தபோது கண்ட குறிகளையும் பொருத்திக்காட்டி இதனைத் தனியொரு நோயென நிறுவினார். நினைவு தளர்தலையும் எண்ணம் மந்தமாதலையும் அவர் குறித்தார். நெடுந்துயரும் மனவுளைச்சலும் இந்நோய்க்குக் காரணமாகலாமெனவுங் கருதினார். இவ்வாறு உள்ளம் மருத்துவரின் ஏட்டில் இடம்பெற்றது. ஆயினும் நோயாளரின் சொந்தக் குரல் அங்கே ஒலிக்கவில்லை.

அக்குரல் 1919இல் ஒலித்தது. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பணியாற்றிய புரூஸ் கம்மிங்ஸ், பார்பெல்லியன் என்னும் புனைபெயரில் தம் நாட்குறிப்பை வெளியிட்டார். 1915 நவம்பரில் படைச்சேர்க்கைப் பரிசோதனைக்குச் சென்றபோது, அவருடைய மருத்துவர் முத்திரையிட்ட கடிதமொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அது தேவைப்படாமலே அவர் தகுதியற்றவரெனத் தள்ளப்பட்டார். வீடு திரும்பும் வழியிற் புகைவண்டியில் அதனைப் பிரித்துப் படித்தபோதே தம் நோய் யாதென அறிந்தார். அவர் மனைவியோ அதனைத் திருமணத்துக்கு முன்னரே அறிந்திருந்தும் அவரை மணந்தவர். அச்சம், சினம், நகைச்சுவை, வாழ்வின்மீது தணியாத பற்று ஆகிய யாவும் அந்நூலில் உள. நூல் வெளிவந்த ஆண்டிலேயே, தம் முப்பதாம் வயதில், அவர் மறைந்தார்.

இதன்பின் ஏழாண்டுகளில், 1926இல், கொட்றெல், வில்சன் என்னும் இருவர் 100 நோயாளரை ஆராய்ந்து, அவருட் பெரும்பாலோர் மகிழ்வுணர்வு உடையரென முடிவுசெய்தனர். இம்முடிவு நெடுங்காலம் பாடநூல்களிலே நிலைத்தது. மகிழ்ச்சியாயிருப்பவர்க்கு ஆறுதல் எதற்கு? மனச்சோர்வைத் தேடாதவர் கண்ணுக்கு அது புலப்படவில்லை. 1969இல் சரிட்ஜ் என்பார் மீளவும் ஆராய்ந்தபோது, மனச்சோர்வு பரவலாகக் காணப்பட்டது. இயல்புமீறிய அம்மகிழ்ச்சியோ பெரிதும் மூளைத்திறன் குன்றியவரிடத்துக் காணப்படும் நோய்க்குறியெனத் தெளிவாயிற்று. இந்நோயாளருட் பாதிப்பேர் வரையில் வாழ்நாளில் ஒருகாலேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிபு. வாழ்க்கைச்சுமை மட்டுமன்றி, மூளையிற் படும் சிதைவும் அதற்குக் காரணமாகலாம்.

அளவுகோல்களின் வரலாறும் இதனையே உணர்த்தும். கேர்ட்ஸ்கி 1955இல் வகுத்து 1983இல் விரித்த அளவுகோல், நோயாளர் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்பதற்கே பெரிதும் முதன்மை தந்தது. 1995இல் வெளிவந்த 54 வினாக்கள்கொண்ட வினாக்கொத்தோ, அவர் எவ்வாறு வாழ்கின்றார் என அவரையே வினவியது. அத்தகைய ஆய்வுகள், கால் தளர்ச்சியைப் போன்றே, சிலவேளை அதனினும் மிகுதியாக, மனச்சோர்வும் களைப்பும் வாழ்வின் தரத்தைக் குலைப்பதைக் காட்டின. அம்மனச்சோர்வோ மருந்தாலும் உளவழிச் சிகிச்சையாலும் தணிக்கத்தக்கது.

டெஸ்ரே தம் நாட்குறிப்பில் துயரையும் நோயையும் ஒருங்கே எழுதினார். இரண்டையும் ஒருங்கே வினவ மருத்துவம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. தழும்பைக் காணக் கூர்ங்கண் போதும். அதனைச் சுமப்பவரின் வாழ்வை அறியச் செவியும் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.