உப்புக்கு வேலி

வெயில் நாட்டில் வேலிக்கு எந்த மரம் நல்லது? வெள்ளைக்கார சர்க்காரும் ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுக் குழம்பியதுண்டு. தோட்டத்துக்காக அல்ல, உப்புக்காக.

சிந்து நதியிலிருந்து மகாநதி வரை, 1869-இல் 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்க எல்லை. வரி கட்டாத ராஜபுதன உப்பு உள்ளே வந்துவிடக்கூடாது என்று, இலந்தை முள்ளை வெட்டி வந்து குவித்து வேலி போட்டார்கள். மைலுக்கு 250 டன் முள்! சில இடங்களில் 6 மைல் தூரம் சுமந்து வர வேண்டும். வந்த முள்ளைக் கறையான் தின்றது, தீ தின்றது, மிச்சத்தைப் புயல் அள்ளிக்கொண்டு போயிற்று. வருஷத்துக்குப் பாதி வேலி காலி. வெட்டிய முள்ளுக்கு ஆயுசு எவ்வளவு என்று, கேட்டிருந்தால் நம் குடியானவன் சொல்லியிருப்பான்.

1867-இல் சுங்கக் கமிஷனராக வந்த ஹியூம் துரைக்கு இது புரிந்தது. வெட்டிய மரம் வேண்டாம், உயிர் மரமே வேலியாகட்டும் என்றார். மண்ணைப் பார்த்துக் கருவேல், இலந்தை, களா. ஒன்றும் வேர்பிடிக்காத கட்டாந்தரையில் சப்பாத்திக்கள்ளி. பள்ளம் தோண்டி நல்ல மண் கொட்டி வளர்த்தார்கள். பல இடங்களில் 10 அடிக்கு மேல் எழும்பி நின்றது. அந்தப் பக்கம் உப்பு மலிவு. இந்தப் பக்கம் ஏழையின் கூழுக்கு அது எட்டாத சரக்கு. (பின்னால் 1885-இல் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் இதே ஹியூம்தான்!)

வேலி செழித்தது. ஆனால் 1879-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அதற்குள் ராஜபுதனத்து உப்பளங்களையே சர்க்கார் குத்தகைக்கு எடுத்து, உப்பு விளையும் இடத்திலேயே வரியை வாங்கத் தொடங்கியிருந்தது.