நாடி பிடித்த கை

தொட்டியத்தில் எங்கள் தெருவில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவர் திண்ணைதான். "கையக் குடு பாப்பம்" என்பார். மெயின் ரோட்டில் இங்கிலீஷ் டாக்டர் வந்ததும் திண்ணை காலியானது. அவரைப் பற்றி நான் யோசித்ததேயில்லை, ‘ஆரோக்கிய நிகேதனம்’ படிக்கும்வரை.

தாராசங்கர் பந்தோபாத்யாய 1953-ல் எழுதிய நாவல். 1956-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தமிழில் த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்திருக்கிறார்.

தாராசங்கர் 1898-ல் பீர்பூம் மாவட்டம் லாப்பூரில் ஒரு சிறு ஜமீன் வீட்டில் பிறந்தவர். 1930-ல் சட்டமறுப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். வெளியே வந்தபிறகு எழுத்துதான் வேலை என்று முடிவு செய்தார். தன் வர்க்கம் சரிவதை அவர் எழுதிய விதம் விசித்திரமானது. ஒப்பாரியும் இல்லை, பழிதீர்ப்பும் இல்லை.

‘கணதேவதா’ (1942) எப்படித் தொடங்குகிறது பாருங்கள். கொல்லரும் தச்சரும் இனி வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று வாங்கிக்கொண்டு ஊருக்கு வேலை செய்ய மாட்டோம் என்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில் கடை போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லில்தான் ஒரு கிராமமே கட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. 1966-க்கான ஞானபீடம் இதற்குத்தான். அதே 1942-ல் கொங்கு நாட்டிலிருந்து ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வந்தது. பின்னாளில் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

ஆரோக்கிய நிகேதனத்தை ஆயுர்வேதப் பெருமை பாடும் நாவல் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. நாடி பார்த்தே சாவைச் சொல்லிவிடும் ஜீவன் மஷாய், இளமையில் டாக்டராக ஆசைப்பட்டவர். ஒரு பெண் விவகாரத்தில் படிப்பு போய், அப்பாவின் தொழிலுக்குத் திரும்பியவர். சொந்த மகனின் நாடியிலும் சாவைக் காண்கிறார், சொல்லியும்விடுகிறார். மனைவி அதைக் கடைசிவரை மன்னிப்பதில்லை. எதிரே இளம் டாக்டர் பிரத்யோத், கையில் பென்சிலின். சாவை ஏற்கச் சொல்லும் கிழவரை அவன் வெறுப்பது நியாயம்தானே? இருவரில் யார் பக்கம் என்று தாராசங்கர் சொல்வதே இல்லை. கடைசியில் கிழவர் தன் நாடியையே பிடித்துப் பார்க்கிறார்.

படித்து முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன், அந்த வைத்தியர் என்னவானார் என்று.

"அவரா? கடைசில திருச்சி ஆஸ்பத்திரிலதான் கெடந்தாரு. குளுக்கோஸ் ஏத்த வந்த நர்சு புள்ளகிட்ட, மொதல்ல நாடியப் பாரும்மான்னு ஒரே சத்தமாம்."