பந்தியும் பாவமும்: கம்பம் பள்ளத்தாக்கில் அமெரிக்க மதுரை மிஷன்

கிறித்தவ வழக்கில் சோதனை என்பது பெரும்பாலும் மது, காமம், பொருளாசை ஆகியவற்றின் ஈர்ப்பையே குறிக்கும். பெரியகுளத்தை நிலையமாகக் கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் பணியாற்றிய அமெரிக்க மதுரை மிஷன் சாதியையும் அவற்றோடு சேர்த்து எண்ணியது.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த இம்மிஷன், சாதியைத் துறப்பது மெய்யான பக்திக்கு இன்றியமையாச் சான்று என 1847இல் தீர்மானித்தது. எச்சாதிக் கிறித்தவரோடும் உடனிருந்து உண்ண ஆயத்தமாயிருத்தல் அத்துறவின் குறைந்தபட்ச அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய கத்தோலிக்கத் துறவி இராபர்ட் தெ நொபிலி சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி ஏற்றிருந்தார். இத்தீர்மானம் அதனை அஞ்ஞான மார்க்கத்தின் பகுதியாக்கியது.

மதுவைத் தனித்திருந்தும் விலக்கலாம். உடனுண்ணலோ ஊரும் உறவும் அறியச் செய்ய வேண்டியது. உறவினரின் புறக்கணிப்புக்கும் இடமளிப்பது. தீர்மானத்தை ஏற்க இயலாத உபதேசியார் பலர் பணியிலிருந்து விலகியமைக்கு இதுவே காரணம் எனலாம். ஆயினும் பந்தியை அளவுகோலாகக் கொண்ட அத்தீர்மானம் மணவுறவைத் தொடவில்லை. சாதி நிலைபெறுவது மணவுறவிலாதலின், பந்தியில் வென்றோரும் அச்சோதனையை முற்றிலும் கடந்தவராகார்.